ஜன்னல் துடைக்கும் வேலைக்கு வேன்: சின்னதா, நடுத்தரமா? தொட்டி எத்தனை லிட்டர்?

மூன்றாம்மாடி

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை காரின் டிக்கியில் தள்ளுவண்டி, 25 லிட்டர் கேன்கள், நுனியில் பிரஷும் தண்ணீரும் வரும் ஒரு நீளக் கார்பன் கம்பு, வாளி, வைப்பர் என்று வேலையை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். வாடிக்கை வீடுகள் கூடிவிட்டன. கேன் தூக்கித் தூக்கி இடுப்பு போகிறது. வேன் வாங்கியே ஆக வேண்டும்.

கையில் இரண்டு வண்டிகள் இருக்கின்றன. ஒன்று சின்ன வேன், பெட்ரோல், அதிகம் ஓடாதது, சுமைத்திறன் 650 கிலோ என்று போட்டிருக்கிறது. இன்னொன்று நடுத்தர வேன், டீசல், கொஞ்சம் வயதானது, சுமைத்திறன் 1,000 கிலோவுக்கு மேல். விலை ஏறக்குறைய ஒன்றுதான். மனசு சின்ன வேனில் நிற்கிறது. அதில் 500 லிட்டர் தொட்டி, ஆர்.ஓ. செட் (தண்ணீரில் கரைந்த உப்பை நீக்கும் கருவி), ஹோஸ் சுற்றும் இரண்டு ரீல் போட்டுவிட்டால் போதும் என்று நினைக்கிறேன். இப்போது நான் மட்டும்தான். மைத்துனன் இந்த வருஷக் கடைசியில் சேர்ந்துகொள்வதாகச் சொல்லியிருக்கிறான். அளந்து பார்த்தேன், 500 லிட்டர் தொட்டி உள்ளே இடம் கொள்கிறது. உங்கள் கருத்து?

வைப்பர்வாத்தியார்

தம்பி, தொட்டி உள்ளே இடம் கொள்கிறதா என்பதைக் கடைசியில் பார்க்கலாம். முதலில் எடை. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 500 லிட்டர் என்றால் அரை டன். வண்டி காலியாக நிற்கும்போது எல்லா வேனும் பெரிதாகத்தான் தெரியும்.

உங்கள் திட்டத்தை அப்படியே கூட்டிப் பார்ப்போம். தண்ணீர் 500. தொட்டி 40. இரும்புச் சட்டம் 30. ஆர்.ஓ. செட், பம்ப், குழாய்கள் 30. ஹோஸோடு இரண்டு ரீல் 40. பேட்டரி 28. தரைக்கும் பக்கவாட்டுக்கும் பிளைவுட் 60. கம்பு, பிரஷ், வாளி, ஏணி 40. நீங்களும் மைத்துனரும் 160. மொத்தம் 928 கிலோ. வண்டி தாங்குவது 650.

பொருளுக்குப் பொருள் பத்து கிலோ முன்னே பின்னே இருக்கலாம். ஆனால் 278 கிலோ அதிகம் என்பதை அப்படிச் சரிக்கட்ட முடியாது.

இன்னொன்று. அந்த 650-இல் ஓட்டுநர் சேர்த்தியா இல்லையா என்று பாருங்கள். ஐரோப்பிய விதிப்படி காலி எடை சொல்லும்போது 75 கிலோ ஓட்டுநரையும் 90 சதவீதம் எரிபொருளையும் சேர்த்தே சொல்வார்கள். எல்லா நாட்டிலும் அப்படி இல்லை. விளம்பரத்தில் போட்டதை நம்பாமல், பதிவுச் சான்றிலும் கதவுச் சட்டத்துத் தகட்டிலும் இருக்கும் அதிகபட்ச மொத்த எடையை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியை டேங்க் நிறைய எரிபொருளோடு எடைமேடையில் ஏற்றுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்களுக்குக் கிடைக்கும் நிஜச் சுமை.

மூன்றாம்மாடி

ஐயா, இதை யாரும் சொல்லவில்லை. விற்பவர் "தாராளமாகத் தாங்கும்" என்றார். அப்படியென்றால் சின்ன வேனை விட்டுவிட வேண்டியதுதானா?

வைப்பர்வாத்தியார்

விட வேண்டாம், தொட்டியைக் குறைத்துப் பாருங்கள். 350 லிட்டர், ஒரு ரீல், ஆர்.ஓ. செட்டை வண்டியில் ஏற்றாமல் வீட்டிலேயே வைப்பது, ஒரே ஆள்: தண்ணீர் 350, தொட்டி 30, சட்டம் 25, பம்ப்பும் குழாயும் 15, ரீல் 20, பேட்டரி 28, பிளைவுட் 40, கம்பு சாமான் 35, நீங்கள் 80. மொத்தம் 623. தாங்கும், ஆனால் 27 கிலோதான் மிச்சம். மைத்துனர் ஏறினால் தொட்டியில் 50 லிட்டருக்கு மேல் காலி செய்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். 250 லிட்டர் தொட்டி என்றால் இரண்டு பேரும் போகலாம்.

சும்மாபடிப்பவன்

350 லிட்டர் ஒரு நாளைக்குப் போதுமா? நான் கேள்விப்பட்டவரை 650, 1,000 லிட்டர் தொட்டி என்றெல்லாம் போடுகிறார்களே.

நுரை

போதும். கம்பு நுனியில் நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர் விட்டால் தாராளம். மணிக்கு 90 லிட்டர். 350 லிட்டர் நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக வரும். இது தண்ணீர் ஓடும் நேரம் மட்டும்தான். கதவைத் தட்டுவது, ஹோஸை இழுப்பது, பணம் வாங்குவது, வாடிக்கையாளர் வீட்டு நாயோடு சமாதானம் பேசுவது, இதிலெல்லாம் தண்ணீர் ஓடாது. வீட்டு வேலை மட்டும் செய்யும் ஒருவருக்கு ஒரு நாள் ஓடிவிடும். பெரிய தொட்டி போடுகிறவர்கள் இரண்டு பேராக ஒரே நேரத்தில் இரண்டு ஹோஸ் இழுப்பவர்கள், அல்லது கடைவீதி, அலுவலகக் கட்டடம் செய்பவர்கள்.

நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து வேலை செய்கிறோம். நடுத்தர வேன், 500 லிட்டர் தொட்டி. காலையில் நிறைத்துக்கொண்டு கிளம்பினால் மதியத்துக்கு மேல்தான் அளவுக்குழாயை எட்டிப் பார்ப்போம். மைத்துனர் வருவது உறுதி என்றால் நீங்களும் நடுத்தர வேன் பக்கம் போங்கள். உறுதி இல்லை என்றால் (மைத்துனர்கள் சொல்வது தெரிந்ததுதானே) சின்னது போதும்.

கருநீலம்

மெக்கானிக்காக இருந்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவன் நான். அந்த டீசலைப் பற்றி ஒரு வார்த்தை.

புகைத்துகள் வடிகட்டி உள்ள டீசல் எஞ்சின் என்றால் நம் வேலைக்கு அது தலைவலி. வடிகட்டியில் சேரும் கரி எரிய வேண்டுமானால் எஞ்சின் நன்றாகச் சூடேறி, கால் மணி இருபது நிமிடமாவது நல்ல வேகத்தில் ஓட வேண்டும். நாம் என்ன செய்கிறோம்? ஒரு தெருவில் வண்டியை நிறுத்துகிறோம், இரண்டு மணி நேரம் வேலை, அடுத்த தெருவுக்கு அரை கிலோமீட்டர், மறுபடி நிறுத்துகிறோம். எஞ்சின் சூடாவதே இல்லை. கரி எரியாமல் அடைத்துக்கொள்ளும். எச்சரிக்கை விளக்கு எரியும், இழுவை குறையும். அப்புறம் பணிமனைக்கு நடையாய் நடக்க வேண்டியதுதான். வாடிக்கை வீடுகள் 40 கிலோமீட்டர் தள்ளி இருந்து, தினமும் நெடுஞ்சாலையில் போகிறவருக்கு டீசல் சரி. பக்கத்துத் தெருக்களிலேயே சுற்றுபவருக்கு பெட்ரோல், இல்லையென்றால் மின்சார வேன்.

மின்சார வேனுக்கும் சுமைத்திறன் தகட்டைப் பாருங்கள். ஒரே மாடலில் பேட்டரி பெரிதாகப் பெரிதாகச் சுமை குறைவதுண்டு. தரைக்கு அடியில் பேட்டரி இருப்பதால் துளை போடும் பேச்சே எடுக்கக் கூடாது. தயாரித்த நிறுவனம் கொடுத்திருக்கும் பிடிமானங்களில்தான் கட்ட வேண்டும்.

பழைய வேன் பார்க்கப் போகும்போது பின்கதவைத் திறந்து, பழைய பிளைவுட் இருந்தால் அதன் ஒரு மூலையையாவது தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். தூக்க விடவில்லை என்றால் வேறு வண்டி பாருங்கள். கீழே தகடு துருப்பிடித்திருக்கும், மேலே பலகை பளபளக்கும். பின்சக்கர வளைவின் உட்பக்கம், பக்கக் கதவு ஓடும் தடம், பின்கதவின் அடிவிளிம்பு, இந்த மூன்றிலும் விரலை விட்டுத் தடவுங்கள். ஏற்கெனவே ஜன்னல் துடைத்தவரின் வண்டி என்றால் இரட்டிப்புக் கவனம். தொட்டி போல்ட் இறங்கிய துளைகளைச் சுற்றித்தான் துரு ஆரம்பிக்கும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்திப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். காலியாக இருக்கும்போதே பின்பக்கம் உட்கார்ந்திருந்தால், பட்டை ஸ்பிரிங் அதிகச் சுமை பார்த்திருக்கிறது என்று அர்த்தம்.

சும்மாபடிப்பவன்

எல்லோரும் தொட்டி, சட்டம், போல்ட் என்று பயமுறுத்துகிறீர்கள். என் நண்பர் ஒருவர் 400 லிட்டர் தொட்டியை ராட்செட் பெல்ட் போட்டுக் கட்டி வைத்திருக்கிறார். ஒன்றும் ஆகவில்லை. பிரேக் போட்டால் அசையக்கூட இல்லை என்கிறார்.

கருநீலம்

பிரேக் போட்டால் அசையாது, சரி. மோதினால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி மோதி, அரை மீட்டருக்குள் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் போட்டால் புவியீர்ப்பைப் போல் கிட்டத்தட்ட 20 மடங்கு. அந்த ஒரு கணத்தில் 400 லிட்டர் தண்ணீர் 8 டன் மாதிரி முன்னால் தள்ளும். முன்னால் இருப்பது உங்கள் நண்பரின் முதுகு. சாமான் கட்டும் பெல்ட்டும், தரையில் இருக்கும் சின்னக் கொக்கிகளும் 8 டன்னுக்குச் செய்தவை அல்ல.

மோதல் சோதனை செய்த சட்டத்தோடு விற்கும் தொட்டிகள் இருக்கின்றன. விலை அதிகம்தான். என் வண்டியில் நான் கைவைக்காமல் ஆள் வைத்துச் செய்த ஒரே வேலை அதுதான். சொந்தமாகச் செய்தே தீருவேன் என்பவர்களுக்கு: வேன் தயாரிப்பாளர்கள் பாடி கட்டுபவர்களுக்கென்று கையேடு வெளியிடுவார்கள், எங்கே துளை போடலாம், எங்கே கூடாது என்று அதில் இருக்கும். தரைத் தகடு மெல்லியது. வெறும் வாஷர் போட்டால் போல்ட் தகட்டைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். அடியில் உள்ளங்கை அகலத்துக்குத் தடித்த இரும்புத் தட்டு வைத்து, 8.8 வலிமைத் தர 12 மில்லி போல்ட் போட வேண்டும். துளை போடுவதற்கு முன் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்க வேண்டும்: எரிபொருள் டேங்க், பிரேக் குழாய், வயர் கட்டு எது மேலும் டிரில் இறங்கக் கூடாது. வெட்டிய விளிம்பில் ஜிங்க் பிரைமர் அடித்து, சீலன்ட் வைத்து மூடுங்கள்.

நுரை

கருநீலம் தம்பி சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். உள்ளே தடுப்புகள் உள்ள தொட்டியாக வாங்குங்கள். நிறைந்த தொட்டியை விடப் பாதித் தொட்டிதான் பொல்லாதது. வளைவில் திரும்பினால் தண்ணீர் ஒருபக்கம் ஓடி, ஒரு நொடி கழித்து வண்டியைத் தள்ளும். தடுப்பு இருந்தாலும் முழுக்க நிற்காது, ஆனால் வேகம் குறையும்.

படுக்கைத் தொட்டியா, நிற்கும் தொட்டியா என்று அடுத்த கேள்வி வரும். படுக்கைத் தொட்டி எடையைத் தாழ்வாக வைக்கும், மேலே பலகை போட்டுச் சாமான் வைக்கலாம். ஆனால் தரை முழுவதையும் தின்றுவிடும். நாங்கள் நிற்கும் தொட்டியை, முன் இருக்கைகளுக்குப் பின்னால் இருக்கும் தடுப்புச் சுவரை ஒட்டி வைத்திருக்கிறோம். எடை இரண்டு அச்சுக்கும் பிரிகிறது, பின்கதவுப் பக்கம் காலியாகக் கிடைக்கிறது. பின்கதவை ஒட்டித் தொட்டி வைத்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன், மூக்கைத் தூக்கிக்கொண்டு போகும். மொத்த எடை சரியாக இருந்தாலும் பின் அச்சு அதன் வரம்பைத் தாண்டிவிடலாம். எடைமேடையில் பின்சக்கரத்தை மட்டும் ஏற்றியும் ஒருமுறை எடை போடச் சொல்லுங்கள்.

மூன்றாம்மாடி

ஆர்.ஓ. செட்டை வீட்டில் வைக்கச் சொன்னீர்கள். வண்டியிலேயே இருந்தால் எங்கே வேண்டுமானாலும் குழாயில் மாட்டி நிரப்பிக்கொள்ளலாமே?

வைப்பர்வாத்தியார்

நிரப்பலாம். ஆனால் ஆர்.ஓ. ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் கொடுக்க ஒரு லிட்டருக்குக் குறையாமல் கழிவாக வெளியே விடும். அதை வாடிக்கையாளர் வாசலில் விட முடியுமா? குழாய் அழுத்தம் குறைந்த இடத்தில் உற்பத்தியும் குறைந்துவிடும், பூஸ்டர் பம்ப் வேண்டும். வீட்டுச் சுவரில் மாட்டிவைத்தால் தொட்டி இரவெல்லாம் மெதுவாக நிறையும், மிதவை வால்வு தானாக நிறுத்திவிடும். வண்டியிலும் பதினைந்து கிலோ மிச்சம்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: துடைக்காமல் கழுவி அப்படியே காயவிடும் முறையில் தண்ணீரில் கரைந்த உப்பு இருக்கக் கூடாது. இருந்தால் காய்ந்ததும் வெள்ளைப் புள்ளி. முதலில் தூசி வடிகட்டி, அடுத்து கார்பன் வடிகட்டி (குளோரின் மெம்பிரேனை அரித்துவிடும், அதனால் இதைத் தள்ளிப்போடாமல் மாற்ற வேண்டும்), அடுத்து ஆர்.ஓ. மெம்பிரேன் (உப்பைத் தடுக்கும் சவ்வு), கடைசியில் டி.ஐ. ரெசின் (மிச்ச உப்பை உறிஞ்சும் மணிகள்). குழாயில் 300 டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு) வருகிறது என்றால், நல்ல மெம்பிரேன் 95 சதவீதத்தை நிறுத்தி 15-இல் கொண்டுவந்து விடும். அந்த 15-ஐத்தான் ரெசின் பூஜ்ஜியமாக்க வேண்டும். ஆர்.ஓ. இல்லாமல் 300-ஐயும் ரெசின் தலையிலேயே கட்டினால் இருபது மடங்கு வேகத்தில் தீரும். கடைசியில் வரும் தண்ணீர் டிடிஎஸ் மீட்டரில் 10-ஐத் தொட விடாதீர்கள். ரெசின் செத்துவிட்டால் சில சமயம் மீன் நாற்றம் அடிக்கும். அதை வைத்துக் கண்டுபிடிப்பதற்குள் நாலு வீட்டில் புள்ளி விழுந்திருக்கும், ஆகவே மீட்டர்.

குழாய்த் தண்ணீரே 50, 60 டிடிஎஸ்ஸில் வரும் ஊராக இருந்தால் ரெசின் மட்டும் போதும். ஆர்.ஓ. வாங்கும் முன் முதலில் மீட்டரை வாங்கி உங்கள் குழாயில் வைத்துப் பாருங்கள்.

மின்கம்பி

பேட்டரி பற்றி யாரும் பேசவில்லையே. பம்ப் சுமார் 5 ஆம்பியர் இழுக்கும் என்று வைத்துக்கொள்வோம். 110 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும். ஆக 55. பதினோரு மணி நேரம் பம்ப் ஓடும். ஒரு நாளைக்கு நான்கு மணி நேரத் தண்ணீர்தான் இருக்கிறது. எனவே ஒரு பேட்டரி தாராளம். 12.7 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, ஓய்வில் 12.2 என்றால் பாதி. வண்டி ஸ்டார்ட் செய்யும் பேட்டரியைப் பம்ப்புக்குப் போடாதீர்கள், அது ஆழமாக இறங்கி ஏறுவதற்குச் செய்ததல்ல.

சார்ஜ் எப்படி? பழைய வண்டியில், எஞ்சின் ஓடும்போது இரண்டாவது பேட்டரிக்கும் சார்ஜ் விடும் ஒரு ஸ்பிளிட் சார்ஜ் ரிலே போதும். புது வண்டிகளில் ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் வருகிறது. எரிபொருள் மிச்சம் பிடிக்க அது வோல்டேஜை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கும், ரிலே வைத்தால் இரண்டாவது பேட்டரி முழுதாக ஏறாது. பேட்டரியிலிருந்து பேட்டரிக்கு ஏற்றும் டிசி சார்ஜர் வேண்டும். அதிலும் நம் ஓட்டம் குட்டி ஓட்டம், பத்து நிமிடத்தில் என்ன ஏறும்? இரவில் வீட்டு மின்சாரத்தில் சார்ஜர் மாட்டிவிடுங்கள், எந்த வண்டியாக இருந்தாலும்.

பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். பம்ப் பக்கத்தில் வைத்தால் நடுவில் வயர் தேய்ந்து பாடியில் தொட்டால் காப்பாற்ற ஆளில்லை. தண்ணீரும் மின்சாரமும் ஒரே பெட்டிக்குள் இருக்கிற வண்டி இது, பேட்டரியைத் தரையில் வைக்காமல் ஒரு முழம் உயர்த்திப் பெட்டிக்குள் வையுங்கள்.

எடைதான் பிரச்சினை என்றால் லித்தியம் பாஸ்பேட் பேட்டரி பாருங்கள். 100 ஆம்பியர்-மணி 12 கிலோ பக்கம்தான்.

வைப்பர்வாத்தியார்

லித்தியம் உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது. குளிர்காலத்தில் விடிய விடிய வெளியே நிற்கும் வண்டியில் யோசித்துத்தான் போட வேண்டும்.

மின்கம்பி

ஐயா, வெப்பம் பார்த்துத் தானே சார்ஜை நிறுத்தும் பேட்டரிகள் வந்துவிட்டன. உள்ளேயே ஹீட்டர் வைத்ததும் இருக்கிறது.

வைப்பர்வாத்தியார்

நிறுத்தும், சரி. நிறுத்திவிட்டால் காலையில் சார்ஜ் இருக்காது. ஹீட்டர் வைத்தது என்றால் ஒத்துக்கொள்கிறேன்.

குளிர் என்றதும் ஞாபகம் வருகிறது. தொட்டி சீக்கிரத்தில் உறையாது, அவ்வளவு தண்ணீர். முதலில் போவது பம்ப் தலை, வால்வு, மெம்பிரேன், ஹோஸ் இணைப்புகள். உறையும் இரவுகளில் இவற்றை வடித்துவிடுங்கள், அல்லது வண்டிக்குள் பாதுகாப்பான சின்ன ஹீட்டர்.

மூன்றாம்மாடி

சரி, மைத்துனனிடம் இன்று நேரடியாகக் கேட்டுவிட்டேன். "பார்க்கலாம் மாமா" என்கிறான். ஆகவே சின்ன வேன், பெட்ரோல், 350 லிட்டர், தடுப்புள்ள தொட்டி, மோதல் சோதனை செய்த சட்டம், ஆர்.ஓ. வீட்டுச் சுவரில். தகட்டையும் எடைமேடைச் சீட்டையும் பார்த்த பிறகுதான் முன்பணம்.

மிச்சம் இரண்டு சந்தேகம். ஹோஸ் 6 மில்லியா 8 மில்லியா? 6 மில்லி ரீலில் குறைவான இடம் பிடிக்கிறது, இழுக்கவும் லேசு. ஏணியைக் கூரை மேலா, உள்ளேயா?

கருநீலம்

100 மீட்டர் ஹோஸில் நிமிடத்துக்கு 2 லிட்டர் தள்ளினால், 6 மில்லி உட்குழாயில் உராய்வுக்கே 4 பார் அளவு அழுத்தம் போய்விடும். 8 மில்லியில் ஒரு பார்தான். மூன்றாம் மாடிக்குத் தண்ணீர் ஏற்ற, அதாவது பத்து மீட்டர் உயரத்துக்கு, தேவைப்படுவதே ஒரு பார். மாடி உயரம் பம்ப்பைக் கஷ்டப்படுத்துவதில்லை, மெல்லிய ஹோஸ்தான் கஷ்டப்படுத்துகிறது. ஆனால் நீங்கள் ஒன்றரை லிட்டரில் வேலை செய்பவர், பம்ப் 7 பார் தள்ளும் என்பதால் 6 மில்லியும் ஓடும். வளைவு நெளிவில் 50 மீட்டருக்கு மேல் தினமும் இழுக்கிற வீடுகள் அதிகம் என்றால் லேசான 6-ஐ எடுங்கள். நிறைய நேரம் வண்டிக்குப் பக்கத்திலேயே வேலை என்றால் 8.

நுரை

ரீலைப் பின்கதவு வாயிலில், வெளிப்பக்கம் பார்த்துப் பொருத்துங்கள். ஹோஸ் கதவு விளிம்பில் உரசும் இடத்தில் உருளை வழிகாட்டி ஒன்று வையுங்கள், இல்லாவிட்டால் கதவு ரப்பரும் போகும் ஹோஸும் போகும். பக்கக் கதவு நடைபாதைப் பக்கம் திறக்கிற வண்டியாக இருக்கட்டும். தினசரிக் கையில் எடுக்கிற துணி, வைப்பர், வாளி எல்லாம் அந்தக் கதவுக்கு நேரே இருக்க வேண்டும், சாலைப் பக்கம் இறங்காமல் வேலை நடக்கும்.

ஏணி உள்ளே. கூரை மேல் வைத்தால் திருட்டு, காற்றுச் சத்தம், எரிபொருள் செலவு. உங்கள் வேலையில் பெரும்பாலும் கம்புதானே. உள்ளே கூரைக்கு அடியில் கம்புகளுக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய் மாட்டுங்கள், தடுப்புச் சுவரில் ஒரு துளை இருந்தால் நீளக் கம்பு பயணி இருக்கைக்கு மேலாகப் போய்விடும். மடிக்கும் ஏணி பக்கச் சுவரில் நிற்கும். ஈரத் துணி, ஈர ஹோஸ் இருப்பதால் கூரையில் காற்றோட்டி ஒன்று கட்டாயம் போடுங்கள், பிளைவுட் அடிப்பதற்கு முன்னாலேயே. பின்னால் போட்டால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டிவரும்.

மின்கம்பி

காற்றோட்டித் துளை போடும்போது கூரை விளக்கு வயர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் தொட்டி, சட்டம் மாற்றத்தை எழுத்தில் சொல்லிவிடுங்கள், முதல் நாள் ஓட்டுவதற்கு முன்.